செக்ரோலில் அவனுக்குப் பத்தொன்பது வயது

மகனே,

நாற்பது வருடமாக அடுத்தவர்களுக்காகவே எழுதிப் பழகிய கை இது. கோத்தகிரித் தாலுகா ஆபீசுக்கு எதிரில், டீக்கடையை ஒட்டி ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு, முதியோர் பணம், சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், காட்டெருமை மிதித்த கேரட் தோட்டத்துக்கு நிவாரணம் என்று எத்தனை மனு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்த மனுவும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் படிக்க மாட்டார். இன்றைக்கு நீயும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். இது பல பக்கம் போகும், பொறுத்துக்கொண்டு படி. உறையில் போடுவேன், ஆனால் ஒட்ட மாட்டேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். இதுவரை ஒட்டி வைத்தது போதும்.

நேற்றுக் காலை உன் கார் அரவேணு வளைவில் இறங்கி மறைந்த பிறகு நான் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். வெளியுறவுத் துறையில் சேர்ந்து எத்தனையோ நாட்டுக்குப் போனாய், ஒரு தடவையும் நான் அப்படி நின்றதில்லை. இந்தத் தடவை கொழும்பு. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்த தீவுக்கே நீ அதிகாரியாகப் போகிறாய். பக்கத்து வீட்டு படகர் அம்மாள்கூட வந்து, "ஏம்மா, மகன் உங்க ஊருக்கே போறானாமே, சந்தோசந்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சந்தோசம்தான் என்றேன். பொய் சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய்.

முந்தின நாள் மத்தியானம் நீ தேயிலைச் செடி ஓரமாக நடந்துகொண்டே போனில் பேசினாய். நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மறுமுனையில் பேசியவர் டெல்லியில் உன்னோடு வேலை செய்யும் நம் பக்கத்துக்காரர் என்று நினைக்கிறேன். அந்தத் தீவில் ஒரு துறைமுகம், அதை நாம் கட்டாவிட்டால் இன்னொரு வல்லரசு வந்து கட்டிவிடும், அப்புறம் அதன் போர்க்கப்பல் நம் வாசலில் நிற்கும் என்றெல்லாம் பேசினாய். எனக்கு அது புரிந்தது. நானும் தினமும் பேப்பர் படிக்கிறவள்தான். பிறகு அந்தக் கரையில் குடியிருக்கும் மீன்பிடிக் குடும்பங்களைப் பற்றி அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். நீ சொன்னாய்: "அந்த ஜனங்க விசயத்த இப்ப எடுத்தா மொத்தமும் நின்னு போயிருங்க. மொதல்ல கையெழுத்து ஆகட்டும். மிச்சத்த ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாங்க."

கெட்ட மனசோடு நீ அதைச் சொல்லவில்லை. சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாய். எனக்குக் கீரை ஆய்கிற கை நின்றுவிட்டது. அதே வார்த்தையை அதே குரலில் நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், மகனே. அந்த மிச்சத்தில் ஒருவன் என் தம்பி.

உனக்கு ஒரு தாய்மாமன் இருந்தான், சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டான், அவன் பெயரைத்தான் உனக்கு வைத்தோம் என்று சொல்லி வளர்த்தேன் அல்லவா? பெயர் மட்டும்தான் அதில் உண்மை. ராஜலிங்கம். வீட்டில் ராசு. காய்ச்சலில் அவன் சாகவில்லை. செத்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா, ஒரே ஓர் அறை. அப்பா, அம்மா, நான், ராசு. நான்கு பேர் படுத்தால் ஐந்தாவது ஆளுக்கு நிற்க இடம் கிடையாது. நான் எட்டாவது வரை படித்தேன். எங்கள் லயத்தில் அந்த அளவு படித்த பெண் நான் ஒருத்திதான், அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. ராசுவுக்குப் படிப்பு ஏறவில்லை. பதினான்கு வயதிலேயே பனைமரம் மாதிரி வளர்ந்து நின்றான். தோட்டத்தில் யார் யார் வேலைக்காரர் என்று எழுதி வைக்கும் பட்டியலைச் செக்ரோல் என்போம். சின்னப் பையனாகப் பேர் பதிந்தால் அரைக் கூலி, பெரிய ஆளாகப் பதிந்தால் முழுக் கூலி. அதனால் உயரமான பையன் இருக்கிற வீடுகளில் எல்லாம் செய்கிற வேலையை அப்பாவும் செய்தார். கங்காணிக்கு ஒரு சேவலைக் கொடுத்து, பதினான்கு வயதுப் பையனைப் பதினெட்டு என்று பதிய வைத்தார். யாருக்கும் அதில் குற்ற உணர்ச்சி கிடையாது. பையன் மண்வெட்டி பிடித்தான், வீட்டில் ரொட்டிக்கு மாவு கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

அதற்கு முன்பே இரண்டு பிரதமர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முன்னோர் காலத்தில் இங்கிருந்து தேயிலைக்குப் போன மலைநாட்டு வம்சம் நாங்கள்; எங்களில் இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் தீவுக்கு. இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது என்று அன்றைக்கு முடிவாகவில்லை. மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். பிற்பாடு அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. ஏன் அப்படி என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. பிறகு படித்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால்தான் வடக்கே பனிமலையில் பெரிய நாடு ஒன்றோடு நடந்த சண்டையில் நம் நாடு அடிபட்டிருந்தது. அக்கம்பக்கத்துச் சின்ன நாடுகளின் தயவு தேவைப்பட்டது. எங்கேயோ பனியில் சண்டை நடந்ததற்கு, மஸ்கெலியாவில் கொழுந்து எடுக்கிற நாங்கள் பங்கு பிரிக்கப்பட்டோம். இதெல்லாம் உன் பாடப் புத்தகத்தில் நல்ல வார்த்தைகளில் இருக்கும்.

இந்தியாவுக்கு வருவதற்கான விண்ணப்பப் பாரம் வந்தது. லயத்தில் எல்லோருக்கும் நான்தான் நிரப்பினேன். பதினேழு வயது எனக்கு, கொண்டையில் பென்சில் செருகிக்கொண்டு துரைசாணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். எங்கள் பாரத்துக்கு வந்தேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கல்யாணமாகாத பெண்ணும் சின்னப் பிள்ளைகளும் அப்பாவின் குடும்பக் கார்டிலேயே ஏறலாம் என்று அதில் இருந்தது. ராசுவுக்கு அப்போது உண்மையான வயது பதினைந்து. செக்ரோலில் பத்தொன்பது.

"அவனுக்கு நெசமாப் பதினஞ்சுதானே புள்ள," என்றார் அப்பா. "பதினஞ்சுன்னே எழுதிப்புடு. என்னோட கார்டுலயே இருந்துட்டுப் போறான்."

"செக்ரோல்ல பத்தொம்பது இருக்குப்பா. இதுல பதினஞ்சுன்னு எழுதுனா ரெண்டுல ஒன்னு பொய்யுன்னு ஆயிரும். கொடுத்த அத்தன பேரையும் தள்ளிப்புடுவாங்க. ரெண்டு காயிதமும் ஒத்துப் போவணும்."

 அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "புள்ளய எதுக்குத் தனியாப் போடணும்?" என்று மட்டும் கேட்டாள். அப்பா கையை விரித்து, "எனக்கென்னா தெரியும். அவ படிச்சவ," என்று சொல்லிவிட்டார். நான் பத்தொன்பது என்று எழுதினேன். அப்பாவுடைய கார்டில் நான் சின்னப் பிள்ளையாக ஏறினேன். என்னைவிட இரண்டு வயது இளையவன் காகிதத்தில் என்னைவிட இரண்டு வயது மூத்தவனாகி, தனி ஆளாக நின்றான். ராசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இனிமே என்னய அண்ணேன்னு கூப்புடு, தங்கச்சி," என்று என் கொண்டையில் இருந்த பென்சிலை உருவிக்கொண்டு ஓடினான்.

அப்பாவுடைய விண்ணப்பம் சில வருடங்களில் முடிந்து, இன்ன தேதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று கடுதாசி வந்தது. ராசுவுடைய விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. கண்டியில் இருந்த நம் இந்திய நாட்டு ஆபீசுக்கு நானும் அப்பாவும் பஸ் பிடித்துப் போய் நின்றோம். உள்ளே இருந்த ஐயா நல்லவர், தண்ணீர் கொடுத்தார். பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்களுடையது முதல் கட்டம், அவருடையது அடுத்த கட்டத்தில் வரும், மிச்சம் இருப்பவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்களுக்குப் பின்னால் நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள். பதினைந்துதான் உண்மை, நான்தான் தப்பாக எழுதினேன் என்று அந்த மேசை முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் விண்ணப்பம் என்று எல்லோரையும் தள்ளிவிட்டால்? தேதி முடிந்தும் போகாதவர்களைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் பட்டினி வேறு. அம்மா நான் போக மாட்டேன் என்று தரையில் விழுந்து அழுதாள். அப்பா அவளைத் தூக்கி உட்கார வைத்து, "அடுத்த கப்பல்ல வந்துருவான்," என்றார்.

ஹட்டன் ஸ்டேஷனில் இருந்து தலைமன்னாருக்குப் போகிற அந்த ரயிலை எங்கள் ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள். பெட்டிக்குள் இருப்பவர்களும் அழுவார்கள், வெளியே நிற்பவர்களும் அழுவார்கள், வண்டி கூவினால்கூட ஒப்பாரி மாதிரிதான் கேட்கும். ராசு அழவில்லை. சன்னல் வழியாக ஒரு பொட்டலம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தான். "அண்ணன் இருக்கேன்ல, பயப்படாமப் போ," என்றான். வண்டி நகர்ந்ததும் கூடவே ஓடி வந்து, "அக்கா, அங்க போயி எனக்கு ஒரு மனு எழுது. ஒன்னோட எழுத்துன்னா ஆபீசுல படிப்பாங்க," என்று கத்தினான். பாரம் நிரப்பிய நாளுக்கு அப்புறம் அப்போதுதான் அவன் என்னை அக்கா என்றான்.

நான் மனு எழுதுகிறவளானது இப்படித்தான். மண்டபம் முகாமில் உட்கார்ந்து முதல் மனு எழுதினேன். இங்கே மலைக்கு அனுப்பி, காட்டை வெட்டித் தேயிலை நடச் சொன்னபோது, தகரக் கொட்டகைக்குள் குளிரில் விரல் விறைக்க இரண்டாவது எழுதினேன். டெல்லிக்கு, கொழும்புக்கு, கண்டிக்கு என்று எழுதி எழுதி எனக்குக் கை வந்துவிட்டது. பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுக் கொட்டகையில் மற்றவர்களும் என்னிடம் மனு எழுதித் தரக் கேட்டார்கள். கோத்தகிரி ஆபீசில் ஒரு கிளார்க் ஒரு நாள், "ஏனுங்கம்மா, இந்தச் சிலோன்காரங்க மனு எல்லாம் நீங்க எழுதறதுங்களா? சுருக்கமா நல்லா இருக்குதுங்க, இங்கயே உக்காந்து எழுதலாமில்லீங்களா?" என்றார். அந்த மேசையைப் போட்டேன். ஊரெல்லாம் என் மனுவால் ஏதோ ஒன்று பெற்றார்கள். நான் யாருக்காக எழுதப் பழகினேனோ அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் வரட்டும் என்று முப்பது தாண்டும்வரை கல்யாணத்தைத் தள்ளிப் போட்டேன். உன் அப்பா பொறுமைசாலி, காத்திருந்தார்.

தீவில் கலவரம் வந்து லயங்களை எரித்தார்கள். ராசு வேறு சிலரோடு வடக்கே வன்னிக் காட்டுப் பக்கம் ஓடினான். பிறகு போர் வந்தது, கப்பல் நின்றது. அடுத்த கப்பல் என்ற வார்த்தையையே எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அம்மா அதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். பல வருடத்துக்கு ஒரு தடவை, யார் கையிலோ கொடுத்து அனுப்பி ஒரு கடிதம் வரும். பக்கத்து வீட்டுப் பையனை விட்டு எழுதச் சொல்லியிருப்பான். காணி வெட்டினேன், கச்சான் (நம் நிலக்கடலை) போட்டேன், செல் குண்டு விழுகிறது, நான் எந்த நாட்டு ஆள் என்று இரண்டு பக்கமும் கேட்கிறார்கள், சொல்ல என்னிடம் காகிதம் இல்லை. கடைசியில் எப்போதும், இப்படிக்கு உன் அண்ணன் ராசு.

அந்தத் தீவின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றால் அது பொய். ஆனால் அதன் பயமும் எனக்குத் தெரியும். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், குன்னூர் மார்க்கெட்டில் ஒரு நாள் இரண்டு பேர் வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு ராணுவக்காரர்களை நம் ஊரில் பார்ப்பது புதிது இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கொஹொமத மாத்தயா," என்று நலம் விசாரித்தேன். ஒருவன் அப்படியே திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "அம்மே!" என்றான். முப்பது வயது இருக்கும். கண்டிக்குப் பக்கத்துக் கிராமம். ஊரில் அவனுடைய அம்மா செய்யும் கொக்கிஸ் பலகாரத்தைப் பற்றியெல்லாம் சிங்களத்தில் கொட்டினான். இங்கே பாடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எங்களுக்கு எல்லாருமே வாத்தியார்தான் அம்மே. போன வருசம் ஒரு நாட்டுல படிச்சேன், அவங்க துப்பாக்கி குடுத்தாங்க. இந்த வருசம் உங்க நாடு. அடுத்த வருசம் யாரு கூப்பிடுவாங்களோ. எவர்கிட்டயும் மாட்டேன்னு சொல்ல எங்களால முடியாது," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது உங்க நாட்டு விமானம் எங்களக் கேக்காமலே வந்து வடக்கே அரிசி பருப்பு போட்டுச்சு. அரிசி போட்ட விமானம் நாளைக்குக் குண்டும் போடும்னு எங்க அம்மா எங்களக் கட்டிலுக்கு அடியில படுக்க வச்சா," என்றான்.

அந்தப் பையன் மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை. வன்னியில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அப்போது வன்னி புலிகள் கையில் இருந்தது, அந்தப் பெயரைச் சொன்ன உடனே அந்தச் சிரிப்பு மாறிவிடும் என்று தெரியும். அவன் இங்கே படிக்க வந்ததே வன்னிக்குள் எப்படி நுழைவது என்பதைத்தானோ என்னவோ.  போகும்போது ஒரு பொட்டலம் வர்க்கியை என் கையில் வைத்தான். அதைக் கொண்டு வந்து உனக்குத்தான் கொடுத்தேன். நீ டீயில் நனைத்துத் தின்றாய்.

உன் பரீட்சைக்கு நீ ஒரு கட்டுரை எழுதிப் பழகியது நினைவிருக்கிறதா? வல்லரசுகளுக்கு நடுவில் சின்ன நாடுகள் எப்படிப் பிழைக்கின்றன என்பது தலைப்பு. முன் அறையில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய். சின்ன நாடு எந்தப் பெரிய நாட்டின் பக்கமும் முழுதாகச் சாயாது, ஒருவரிடம் கடன், ஒருவரிடம் ஆயுதம், ஒருவரிடம் ஐ.நா. சபையில் ஓட்டு என்று வாங்கி, ஒருவரைக் காட்டி இன்னொருவரைத் தள்ளி நிறுத்தும் என்றாய். எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் கங்காணிக்கும் ஆமாம் சொல்வார், கணக்கப்பிள்ளைக்கும் ஆமாம் சொல்வார், துரைக்கும் ஆமாம் சொல்வார். மூன்று பேருக்கும் ஆமாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவை அடிப்பார். இந்தக் கடைசிப் பகுதி உன் கட்டுரையில் இல்லை. பெரியவர்களிடம் பயந்து பயந்து வாழ்கிறவன் அந்தப் பயத்தை எங்கே இறக்கி வைப்பான்? தனக்குக் கீழே இருக்கிறவன் மேல்தான். எங்களைப் பார்க்கும்போது அந்தத் தீவுக்குப் பெரிய நாட்டின் நிழல்தான் தெரிந்தது. பெரிய நாட்டுக்கோ நாங்கள் நல்லுறவுக்குக் கொடுக்கிற சீர்வரிசை. நடுவில் ராசு மண்வெட்டியோடு நின்றான்.

நீ அந்தக் கட்டுரையைச் சொல்லிக் காட்டிய மாதம் எந்த மாதம் தெரியுமா? போரின் கடைசி மாதம். வன்னி ஜனங்கள் எல்லோரையும் ஒரு சின்னக் கடற்கரைக்குள் நெருக்கித் தள்ளியிருந்தார்கள். நீ படிக்க வேண்டும் என்று டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பெரிய நாடும் கவலை தெரிவித்தது. ஆயுதம் கொடுத்தவர்களும் கவலை தெரிவித்தார்கள், நம்முடையவர்களும் தெரிவித்தார்கள். கூட்டத்தில் தலையில் மூட்டையோடு போகிற ஒவ்வொரு உயரமான ஆளையும் உற்றுப் பார்த்தேன். நீ நிமிர்ந்து, "எப்படிம்மா இருக்கு கட்டுரை?" என்று கேட்டாய். நல்லா இருக்குப்பா என்றேன். அதற்கப்புறம் ராசுவிடம் இருந்து ஒன்றும் வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நீ பரீட்சையில் தேறி, போலீஸ் விசாரணைக்குப் பாரம் நிரப்பினாய். அது இங்கிலீஷ் பாரம், நீ கேட்கக் கேட்க நான் சொன்னேன். தாத்தா பெயர், பிறந்த ஊர், முகாமில் இருந்த விவரம். பிறகு கேட்டாய்: "வெளிநாட்டுல நமக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" நான் அரிவாள்மனையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை. "யாரும் இல்ல," என்றேன். நீ இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாய். வன்னியில் ஒரு மாமன் என்றால் உன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்தேன். முதல் தடவை அவனைப் பத்தொன்பது என்று எழுதி வெளியே தள்ளினேன். இரண்டாவது தடவை அவன் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு தடவையும் காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். என் அம்மா சாகிற அன்றைக்குக்கூட, "புள்ளய எதுக்குத் தனியாப் போட்ட?" என்று என்னைத்தான் கேட்டாள். 

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீ போனில் சொன்னதைத்தான் நான் பதினேழு வயதில் செய்தேன். மொத்தமும் நின்றுபோகக் கூடாது என்று ஒருவனைத் தனியே எடுத்து வைத்தேன். ஒரு வித்தியாசம் உண்டு. நான் அப்போது பயந்த பெண். நீ பெரிய நாட்டின் முத்திரையோடு போகிறாய். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். அந்த இன்னொரு வல்லரசின் கப்பலுக்கு நானும் பயப்படுகிறேன். ஆனால் அந்தக் கரையில் இருக்கிறவர்களை உன் காகிதத்தின் முதல் பக்கத்திலேயே எழுது. பேரோடு எழுது. அதனால் கையெழுத்து ஒரு வருடம் தள்ளிப் போனால் போகட்டும். உன் எதிரில் உட்காரும் தீவு அதிகாரி எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வான். அவன் ஆமாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் யாரை அடிக்கப் போகிறான் என்று யோசித்துப் பார். மிச்சம் என்ற வார்த்தையை மனிதர்களுக்குப் போடாதே. அதைச் சோற்றுக்குப் போடு, பீன்ஸுக்குப் போடு.

இனி நான் என் தொழில்படி கேட்கிறேன். இது மனு. கண்டியில் நம் நாட்டு ஆபீஸ் இன்னும் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பழைய கட்டுகளை எரிக்காமல் வைத்திருந்தால், அதில் உன் பெயரிலேயே ஒரு விண்ணப்பம் இருக்கும். எண்ணெய்க் கறை பட்ட பாரம், என் கையெழுத்து, ஒன்பதுக்கு நான் போடும் சுழி உனக்கு அடையாளம் தெரியும். அதில் வயது என்ற இடத்தில் இருக்கும் பத்தொன்பதை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுது. திருத்தியது யார் என்று கேட்டால், விண்ணப்பத்தை நிரப்பியவள் ஒப்புக்கொண்டாள் என்று சொல், இந்தக் கடிதத்தைக் காட்டு.

அதன் பிறகு டெல்லியில் இருக்கும் உன் பாரத்தையும் திருத்து. விளக்கம் கேட்பார்கள். உன் பதவிக்கே ஏதாவது வரலாம், கொழும்பு வேண்டாம் திரும்பி வா என்று சொல்லலாம். அது தெரிந்துதான் கேட்கிறேன். அதற்காக நீ என்னிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அதையும் தாங்கிக்கொள்கிறேன். வெளிநாட்டில் உறவினர் என்ற இடத்தில் எழுது: ராஜலிங்கம், தாய்மாமன், அம்மாவைவிட இரண்டு வயது இளையவர். கடைசியாகத் தெரிந்த முகவரி வன்னி. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டால், தெரியாது என்று எழுது, அது உண்மை. அதற்குப் பக்கத்தில் எந்த நாட்டுக் குடிமகன் என்று ஒரு கட்டம் இருக்கும். நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் பாரம் நிரப்பிக் கொடுத்தும், அந்தக் கட்டத்தில் என் தம்பிக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீ விசாரித்து எழுது, மகனே.

இப்படிக்கு,
மனுதாரர்,
உன் அம்மா